முற்றத்துப் பால்

“பூட்டைத் திறங்க மேடம். எந்தக் குரங்குக்கு மருந்து போச்சு, எதுக்கு வெறும் உப்புத் தண்ணி போச்சுன்னு இப்பவே சொல்லுங்க.”

அந்தக் கூட்ட அறையில் இசக்கியம்மாள் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கேட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம், லீவு கேட்கலாம், குரங்கு கடித்தால் வைத்தியச் செலவு கேட்கலாம். இதை மட்டும் வாய் தவறியும் கேட்கக் கூடாது. யாருக்கு மருந்து என்று தெரிந்துவிட்டால் மனுசக் கண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். மருந்து வாங்கிய குரங்கு துள்ளுவதாகவும், வாங்காதது சுருண்டு கிடப்பதாகவும் தோன்றும். அதனால் அந்த ரகசியம் ஆய்வு முடியும்வரை கணினிக்குள் பூட்டிக் கிடக்கும். நடுவில் பூட்டைத் திறந்தால் ஆய்வே செல்லாது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்திருந்த மேற்பார்வைக் குழுவின் தலைவர் டாக்டர் குமுதினி. அவருக்கு வலப்பக்கம் குரங்கு ஆய்வு நிலையத்தின் இயக்குநர் டாக்டர் திருவேங்கடம். இடப்பக்கம் சாமுவேல் துரைராஜ், பாளையங்கோட்டைக்காரர், கணக்குப் போட்டு முடிவு சொல்லும் புள்ளியியல் ஆள். பூட்டு அவருடைய மடிக்கணினியில்தான் இருந்தது. அவர் அதைத் தன் பக்கமாக மெல்ல இழுத்து வைத்துக்கொண்டார்.

“யாரு இந்தப் பொண்ணு?” என்று குமுதினி இயக்குநரைக் கேட்டார்.

“நான்தான் முன்னாடி நிக்கேனே மேடம், என்கிட்டயே கேளுங்க. இங்க கால்நடை மருத்துவர். அந்த நாப்பது தாய்க்கும் பேறு பாத்தவ.”

“இசக்கி, உக்காரும்மா,” என்றார் திருவேங்கடம். திட்டும்போதுகூட அவருக்குக் குரல் உயராது. அதனாலேயே இசக்கிக்கு அவரிடம் கோபப்பட வராது. வந்த கோபமும் போக இடமில்லாமல் நெஞ்சிலேயே நிற்கும்.

குமுதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிவு உங்களுக்கும் தெரியும்தானே? நாற்பது தாய்க்கும் கிருமி இருக்கு. இருபது தாய்க்கு மருந்து, இருபதுக்கு உப்புத் தண்ணி. ஒரு அணியில மூணு குட்டிக்குத் தொற்றியிருக்கு, இன்னொண்ணுல ஒண்ணுக்கும் இல்ல. சாமுவேல், இது தற்செயலா வருமா?”

“தாராளமா வரும் மேடம். காசு சுண்டிப் பாத்தாலே வரும்.”

“ஆக, ரெண்டு அணியும் ஒண்ணுதான். மருந்து பயனில்லைன்னு எழுதி இன்னைக்கு மூடப்போறோம். இதுல சண்டை போட என்ன இருக்கு?”

“மருந்தே இல்லாத வருசங்கள்ல பாதிக்கு மேல குட்டிக்கு வந்துச்சே மேடம். இப்ப நாப்பதுல மூணு. மத்ததெல்லாம் எப்படித் தப்பிச்சுது? அய்யா சாமின்னு கும்பிட்டுத் தப்பிச்சுதா?”

“இந்தக் கூட்டத்துல கிருமியே வலு இழந்திருக்கலாம்.”

“இருக்கலாம்!” என்றாள் இசக்கி. “இருக்கலாம்னு சொல்லி என் அக்கா பிள்ளையக் கொண்டு போயிருவீங்க.”

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டாள். திருவேங்கடம் கண்ணை மூடித் திறந்தார்.

அக்கா பெயர் முப்பிடாதி. கடையம் பக்கத்தில் ஒரு பீடித் தெருவில் இருவருக்கும் ஒரே வீடு. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இசக்கி. அவள் தாண்டுவதற்காக, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பீடித் தட்டை மடியில் ஏற்றிக்கொண்டவள் முப்பிடாதி. இதை இசக்கி யாரிடமும் உருகிச் சொல்வதில்லை. கேட்டால், “அவ எனக்கு ரெண்டு செமஸ்டர் ஜாஸ்தியாவே படிச்சிருக்கா, வாயில,” என்பாள்.

இப்போது முப்பிடாதி நிறைமாதம். ரத்தப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்துவிட்டது.

அரசாங்கம் அந்தக் கிருமிக்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் பால்தீட்டு. குரங்கிலிருந்து மனிதனுக்கு வந்ததா, மனிதன்தான் குரங்குக்குக் கொடுத்தானா என்று யாருக்கும் இன்னும் திட்டமாகத் தெரியாது. தாயை அது ஒன்றும் செய்யாது. அவள் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கும். பால் வழியாகப் பிள்ளைக்குள் போகும். பிள்ளைக்கு நாலைந்து வயதாகும்போது ரத்தத்தைக் கெடுக்கும். அதனால் சட்டம் வந்தது. கிருமி உள்ள தாய் பெற்ற பிள்ளையைப் பிறந்த கையோடு எடுத்துக்கொண்டு போய்த் தளிர் இல்லத்தில் வைப்பார்கள். ஒரு வருடம் புட்டிப்பால். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

வீட்டிலேயே புட்டிப்பால் கொடுத்து வளர்க்கக் கூடாதா என்றால், கொடுக்கலாம். வீட்டில் தனியறையும், சம்பளத்துக்கு ஒரு செவிலியும், இராப்பகலாக ஓடும் கேமராவும் இருந்தால். இல்லாதவர்கள் ஆள் பார்க்காத நேரத்தில் மார்பைக் கொடுத்துவிடுவார்களாம். சட்டத்தில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை. ஆனால் பீடித் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் புரிந்தது.

முந்தின நாள் மத்தியானம் இசக்கி வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் வழக்கம்போல ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி மட்டும் தள்ளி, சன்னலோரம். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே தள்ளிப் போய்விட்டாள்.

“வாட்டி டாக்டரு,” என்றாள். “குரங்கெல்லாம் சௌக்கியமா?”

“ஒன்னை விசாரிச்சுதுவ.”

“விசாரிக்காம என்ன, சொந்தம்லா.” தூளை அள்ளி இலையில் வைத்துச் சுருட்டினாள். குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. “அந்த மருந்து என்னட்டி ஆச்சு? நாளைக்குத்தானே முடிவு சொல்லுதாவ?”

“ஆமா.”

“அது என்னதான் செய்யும்? புரியும்படிச் சொல்லு.”

“ஒரே ஒரு ஊசிக்கா. போட்டா ஒன் ஒடம்பே ஒரு காவக்காரனைத் தயார் பண்ணிப் பாலோட அனுப்பும். கிருமியும் பால்ல வரும், காவக்காரனும் பால்ல வருவான். பிள்ளை வயித்துக்குள்ள போனதும் அவன் கிருமியைப் பிடிச்சி அமுக்கிருவான்.”

“போலீஸ் மாதிரியா?”

“ஆமா.”

“அப்ப துட்டு கேப்பானே.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “பிள்ளையைக் கண்ணாடிக்குள்ள வச்சிப் பாக்க என்னால ஆவாது இசக்கி,” என்றாள். “செத்தாலும் ஆவாது. ஆனா எம் பாலால அதுக்கு ஒண்ணு வந்துட்டா, அதுவும் ஆவாது. நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் வந்து சொல்லு. ‘இருக்கலாம்’னு எங்கிட்டச் சொல்லாத.”

இசக்கி திரும்பினாள். அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய ஏழு மாதக் குழந்தை எதிர்வீட்டுக் கோமதி மதினியின் மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. மதினி ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் பீடிக் கட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தது. விட்டுவிட்டு வருவதாக இல்லை.

“ஒம் மவ அழுதா. நீ வாரதுக்குள்ள தொண்டை வத்திரும் போல இருந்துச்சு. அதான்,” என்றாள் கோமதி. “எனக்குச் சுத்தம்னு பரிசோதனையில வந்துட்டு, பயப்படாத.”

இசக்கி பயப்படவில்லை. அந்தத் தெருவில் கைக்குழந்தை என்றால் யார் மடி பக்கத்தில் இருக்கிறதோ அந்த மடியில்தான் குடிக்கும். அவளே எத்தனை பேரிடம் குடித்திருப்பாள் என்று அவள் அம்மாவுக்கே கணக்குத் தெரியாது. அதில் என்ன புதுசு? ஆனால் அன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, கண்ணெதிரே வேறொரு இடம் வந்து நின்றது. நிலையத்தின் முற்றம்.

முற்றம் திருவேங்கடத்தின் பெருமை. மற்ற ஊர்களில் ஆய்வுக் குரங்குகளைப் பெட்டி பெட்டியாக அடைத்து வைப்பார்கள். அவர் சண்டை போட்டு, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கரில் வலை கட்டி, புளியமரமும் நாவல்மரமும் விட்டு, நாட்டுக் குரங்குகளைக் கூட்டமாகவே வாழவிட்டார். குல்லாய் வைத்தாற்போல் தலைமுடி படிந்த அந்தத் தாய்கள், குட்டியைப் பெற்று ஈரம் காய்வதற்குள் ஒன்றின் குட்டியை மற்றொன்று வாங்கித் தூக்கிக்கொண்டு திரியும். மோந்து பார்க்கும், பேன் பார்க்கும், வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மரமேறும். அந்த நேரத்தில் குட்டி சும்மாவா இருக்கும்?

முதல் வருடம் இசக்கி இதைத் திருவேங்கடத்திடம் கேட்டிருக்கிறாள். “கொஞ்சும்மா, பால் கொடுக்காது. கொடுத்தா கேமராவுல பதிவாகியிருக்கணுமே,” என்றார். கேமராவில் இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அவளே தன் கண்ணைச் சந்தேகப்பட்டு விட்டுவிட்டாள். படித்துக் கிழித்து வேலைக்கு வந்து புதுசு. கேமராவைவிடத் தன் கண் பெரிதா என்று நினைத்த காலம்.

இப்போது அந்த நினைப்பு இல்லை.

“ஆக, உங்க குடும்பத்துல ஒருத்தருக்குத் தொற்று இருக்கு. அதனால உங்களுக்கு இதுல சொந்த அக்கறை இருக்கு,” என்றார் குமுதினி.

“இருக்கு மேடம். உங்களுக்கு இல்லையா? இல்லாமத்தான் சென்னையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்தீங்களா?”

சாமுவேல் இருமினார். சிரிப்பை இருமலாக்கினார் என்று இசக்கிக்குத் தோன்றியது.

“நான் சொல்றதை ஒரு தடவை கேட்டுட்டுப் பெறகு என்னை வெளிய அனுப்புங்க,” என்றாள். “அந்த முற்றத்துல ரெண்டு அணியே கிடையாது மேடம். மருந்து வாங்கின தாய், உப்புத் தண்ணி வாங்கின தாய் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருக்காவ. பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் குடிக்குது. ஒருத்தி பால்ல வர்ற காவக்காரன் எல்லாப் பிள்ளைக்கும் போறான். அதான் ரெண்டு அணியும் ஒண்ணு போலத் தெரியுது. மருந்து வேலை செய்யாம இல்ல. நீங்க நினைச்சதைவிட ஜாஸ்தியா வேலை செய்யுது.”

“தாய் பிள்ளைக்குக் கொடுக்கிறதைத்தான் இங்கே அளக்கிறோம்,” என்றார் குமுதினி.

“நீங்க அளக்குறீங்க. அதுவ அப்படி அளந்து குடிக்கல.”

திருவேங்கடம் மெதுவாகச் சொன்னார்: “கேமராவுல இல்லையேம்மா. ஏற்கெனவே பேசியிருக்கோம்.”

“கேமரா ஏன் காட்டலைன்னு சாமு சார்ட்ட கேளுங்க.”

எல்லோரும் சாமுவேலைப் பார்த்தார்கள். அவர் காலர் பட்டனைத் தடவினார்.

“அது... குட்டி நெஞ்சுலயும் தாய் நெஞ்சுலயும் எண் குத்தியிருக்கு. கேமரா ரெண்டையும் படிச்சுச் சேத்துக்கும். சில சமயம் குட்டி வேற தாய் மார்புல இருக்கிறதா வரும். எண்ணைத் தப்பாப் படிச்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு, அந்த இடத்துல சொந்தத் தாயோட எண்ணைப் போடுற மாதிரி நான்தான் நிரல் எழுதினேன். குட்டி வேற தாய்கிட்ட எப்படிக் குடிக்கும்னு...” அவர் நிறுத்தினார். “எனக்கு ஒரே பிள்ளை மேடம். அபார்ட்மெண்ட்ல வளந்தவன்.”

இந்தத் தடவை குமுதினிக்கே உதடு கொஞ்சம் கோணியது. உடனே நேராக்கிக்கொண்டார். “கதை நல்லாயிருக்கு. ஆதாரம்?”

“அதுக்குத்தான் பூட்டைத் திறக்கச் சொல்லுதேன். முற்றத்துல இல்லாத ஏழு தாய் இருக்காவ. சண்டைக்காரிங்க, காயம் பட்டவங்க. பேறுக்கு முந்தியே பிரிச்சு ஓரத்துல தனித்தனிக் கூண்டுல விட்டோம். தொற்று வந்த மூணு குட்டியும் அந்தக் கூண்டுக் குட்டிங்கதான். இது எனக்குத் தெரியும், நான்தான் ரத்தம் எடுத்தேன். எந்தத் தாய்க்கு என்ன ஊசின்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்பவே சொல்லுதேன்: அந்த மூணு பேருக்கும் போனது உப்புத் தண்ணி. மிச்சம் நாலு பேருக்கும் மருந்து. திறந்து பாருங்க. தப்பா இருந்தா என் வேலையை விட்டுட்டுப் போறேன்.”

“திறந்தா ஆய்வு செல்லாது, தெரியுமில்ல?”

“தெரியும். திறக்கலைன்னா ‘பயனில்லை’ன்னு எழுதுவீங்க. ‘பயனில்லை’ன்னு ஒரு தடவை எழுதிட்டா உலகத்துல ஒருத்தனும் இந்த மருந்தைத் தொட மாட்டான். ‘செல்லாது’ன்னு எழுதினா யாராவது திரும்பச் செய்வான். நீங்க டாக்டர்தானே மேடம்? எதுனால செத்துச்சுன்னு பாக்காமலே புதைக்கச் சொல்லுவீங்களா?”

குமுதினி மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். கோபப்படப் போகிறார் என்று திருவேங்கடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். குமுதினி சாமுவேல் பக்கம் திரும்பினார்.

“திற.”

“மேடம்...”

“என் பொறுப்பு. திறய்யா.”

சாமுவேல் விரல் ரேகையைக் கொடுத்தார், கடவுச்சொல்லை அடித்தார், உதடு அசைய ஏதோ ஜெபித்தார். திரையில் நாற்பது எண்கள் வந்தன. அவர் கூண்டு எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார்.

தொற்று வந்த மூன்று குட்டிகளின் தாய்களுக்கும் உப்புத் தண்ணீர்.

இசக்கிக்கு மூச்சு வந்தது.

“மிச்சம் நாலு. மருந்து. மருந்து. மருந்து.” சாமுவேல் நிறுத்தினார். “கடைசிக் கூண்டு, உப்புத் தண்ணி.”

“குட்டி?”

“சுத்தம். தொற்று இல்ல.”

குமுதினி பெருமூச்சு விட்டார். அதில் ஏமாற்றம் இருந்தது. அது இசக்கிக்குப் பிறகுதான் உறைத்தது. “நாலுக்கு மூணு. உப்புத் தண்ணி வாங்கியும் ஒண்ணு தப்பிச்சிருக்கு. அப்ப மத்ததும் தானாத் தப்பிச்சிருக்கலாம். நீங்க சொன்னது நடக்கல.”

இசக்கி அந்தக் கூண்டை நினைத்துப் பார்த்தாள். கடைசிக் கூண்டு. அதில் இருப்பவள் மொட்டைச்சி. சண்டையில் ஒரு பக்கத் தலைமுடி போனவள். தனியாகத்தான் இருக்கிறாள். அவள் குட்டி எப்படித் தப்பியது? அக்காவிடம் என்ன சொல்வது? ‘இருக்கலாம்’ என்றா?

மனதுக்குள் அந்தக் கூண்டைச் சுற்றி நடந்தாள். முன்பக்கம் கதவு. வலப்பக்கம் சுவர். பின்பக்கம்...

“பின்பக்கம் முற்றத்து வலை,” என்றாள் உரக்க. “சார்! கடைசிக் கூண்டுக்கு மட்டும் பின்னால சுவரு கிடையாது. முற்றத்து வலைதான் சுவரு.”

திருவேங்கடம் நிமிர்ந்தார். “கம்பி இடைவெளி...”

“குட்டி தலை நுழையும். அந்தக் குட்டி எப்பப் பாத்தாலும் வலையோரம்தான் கிடக்கும். வெளிச்சத்துக்குப் போகுதுன்னு நினைச்சேன், அந்தப் பக்கத்துத் தாய்கிட்டப் பாலுக்குப் போயிருக்கு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அதோட ரத்தத்துல காவல் புரதம் இருக்கான்னு பாப்போம் சார். இதுவரைக்கும் குட்டிங்களுக்கு அந்தப் பரிசோதனையே செய்யல. செஞ்சா யாருக்கு மருந்துன்னு தெரிஞ்சிரும்னு தடை. இப்ப என்ன தடை? அதான் எல்லாம் திறந்தாச்சே.”

காலையில் குரங்குகளிடம் எடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. திருவேங்கடமே எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அவர் வருவதற்குள் டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. இசக்கிக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. வீட்டில் பிள்ளை எழுந்திருக்கும். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குமுதினி அதைக் கவனித்தார். “உங்களுக்குக் கைக்குழந்தையா?”

“ஏழு மாசம்.”

“உக்காருங்க. தயவுசெஞ்சு.”

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

திருவேங்கடம் திரும்பி வந்தபோது கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

“இருக்கு,” என்றார். “தாய் ரத்தத்துல துளிகூட இல்ல. குட்டி ரத்தத்துல இருக்கு. கூடவே முற்றத்துல உப்புத் தண்ணி வாங்கின தாய்களோட அஞ்சு குட்டியையும் எடுத்துப் பாத்தேன். அஞ்சுலயும் இருக்கு.” அவர் நாற்காலியில் அமர்ந்து கையுறைகளை உரித்தார். “பெத்தவ கொடுக்காததை வேற யாரோ கொடுத்திருக்கா. நான் கட்டின முற்றம்தான் என் ஆய்வைக் கெடுத்திருக்கு.”

“கெடுக்கல சார்,” என்றாள் இசக்கி. முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. “பெட்டியில அடைச்சு வச்சிருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கும். பத்துப் பன்னெண்டு குட்டி போயிருக்கும். உங்க முற்றத்துனாலதான் இன்னொண்ணு தெரிஞ்சுது.”

“என்ன?”

குமுதினிதான் பதில் சொன்னார். திரையைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல: “எல்லாருக்கும் போட வேண்டியதில்ல.” பிறகு நிமிர்ந்தார். “இந்த ஊசி என்ன விலை வரும் தெரியுமா? அரசாங்கம் எல்லாத் தாய்க்கும் வாங்காது. பணமுள்ளவங்க மட்டும் போட்டுக்குவாங்கன்னுதான் நான் நினைச்சேன். ஆனா ஒரு தெருவுக்கு ரெண்டு மூணு பேரு போட்டாலே...”

“பக்கத்து மடியில போய்க் குடிக்கும்,” என்றாள் இசக்கி. “எங்க தெருவுல குடிக்கும். உங்க அபார்ட்மெண்ட்ல எப்படின்னு சாமு சார்தான் சொல்லணும்.”

“கத்துக்குவோம் தாயி,” என்றார் சாமுவேல்.

குமுதினி சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். “நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா எதையும் நான் முடிவுன்னு எழுத முடியாது. பூட்டைத் திறந்தாச்சு, ஆய்வு செல்லாது. முதல்லருந்து ஆரம்பிக்கணும்.”

“ரெண்டு முற்றமாக் கட்டுங்க. ஒண்ணுல நாலஞ்சு பேருக்கு மட்டும் மருந்து, இன்னொண்ணுல யாருக்கும் வேணாம். தொற்று தெரிஞ்ச அன்னைக்கே அந்த முற்றத்துக்கும் போட்டுருங்க.”

“அதை நீதான் நடத்தணும்,” என்றார் திருவேங்கடம் சட்டென்று. “உன் பேர்ல. நான் எழுதிக் கொடுக்கிறேன்.”

“நடத்துதேன் சார். ஆனா எங்கக்காவுக்கு இந்த வாரம் நாள்.”

குமுதினியின் முகம் மாறியது. டாக்டர் முகம் போய் வேறொரு முகம் வந்தது. “இந்த ஆய்வு செல்லாதுன்னு நான் கடிதம் அனுப்பினதும் மனுசங்களுக்குப் போட்டுப் பாக்கிற முதல் கட்டமும் நின்னுரும். அங்கே கிருமி இல்லாத, பால் கொடுக்கிற தாய்மார் வேணும். அனுமதி வந்து ஆறு மாசமாச்சு, நர்ஸ் வெறும் அறையில உக்காந்திருக்காங்க. பால்தீட்டு ஊசின்னு பயந்து ஒருத்தியும் வரல. வந்திருந்தா...” அவர் தயங்கினார். “ஊசி போட்ட பிறகு நிறுத்த முடியாது. அவங்களையும், ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற கைக்குழந்தைகள் எல்லாரையும் அந்த வீட்டுலயே வச்சு ஒரு வருசம் பாத்தே ஆகணும். தளிர் இல்லம் தொட முடியாது. அந்த விதியை எழுதினதே நான்தான்.”

“படிச்சேன் மேடம்,” என்றாள் இசக்கி.

அவள் எழுந்தாள். திருவேங்கடத்துக்குத்தான் முதலில் புரிந்தது.

“இசக்கி, இது விளையாட்டு இல்லம்மா. உன் பிள்ளையும் அதே பாலைக் குடிக்கும்.”

“மருந்து வாங்கின தாய்ங்களோட குட்டிங்களைத் தினம் நான்தான் தூக்கி எடை போடுதேன் சார். ஒண்ணும் கெட்டுப் போகல. பயம் இருக்கு. இல்லைன்னு சொன்னாப் பொய்.”

“யோசிச்சு முடிவெடு. ஒரு ரெண்டு நாள்...”

“காலையிலயே சம்மதம் எழுதிக் கொடுத்து, ரத்தமும் கொடுத்துட்டுத்தான் இங்க வந்தேன். ஊசிதான் பாக்கி.”

குமுதினி அவளையே பார்த்தார். “அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை? பூட்டைத் திறக்காமலே நீங்க போட்டிருக்கலாமே.”

“நான் போட்டுக்கிடுறதுக்கு இது வேணாம் மேடம். எங்கக்கா தானும் பால் கொடுத்துட்டு, பிள்ளையை எங்கிட்டயும் நீட்டணும்லா. ‘இருக்கலாம்’னு போயி நின்னா அவ நீட்ட மாட்டா. அவளுக்கு நிச்சயமா ஒரு வார்த்தை சொல்லணும்.”

குமுதினி கடிதத்துக்காக எடுத்து வைத்திருந்த தாளைத் திருப்பிக் கவிழ்த்தார். “சென்னைக்குப் போய்த்தான் எழுதணும். இங்கே எனக்கு ஓடாது,” என்றார் சாமுவேலிடம், இசக்கியைப் பார்க்காமல்.

இசக்கி நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கதவைத் திறந்தபோது வெளிவெயில் முகத்தில் அடித்தது. ஊசி அறை வளாகத்தின் மறுகோடியில். நடந்துகொண்டே கைபேசியை எடுத்தாள்.

“ஏட்டி, என்ன சொன்னாவ?” என்றது அக்காவின் குரல்.

“ஆம்பளையோ பொம்பளையோ,” என்றாள் இசக்கி, நடையை நிறுத்தாமல், “பெத்து நம்ம வீட்டுக்கே கொண்டு வாக்கா. ரெண்டு பேருமா வளப்போம். நிச்சயமாத்தான் சொல்லுதேன்.”